ஒன்பதாவது காது

எனக்கு முன்னால் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் கேட்டுவிடும், அதில் சந்தேகமே இல்லை, எனக்கு மட்டும்தான் கேட்காது, ஒன்பதாவது ஆளாகக் குனிந்து, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, மனசுக்குள் பத்து எண்ணி, நிமிர்ந்து, தலையாட்டிவிட்டு நகர வேண்டும், மூன்று வருஷமாகச் செய்கிற காரியம்தான், ஆனால் இன்றைக்குக் கை வேர்க்கிறது. பெண்கள் வார்டில் காலை பத்தரை மணி வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் போட்டிருக்கிறது, பினாயில் வாடையும் யாரோ உரித்த ஆரஞ்சுப்பழ வாடையும், பெண் நோயாளி என்பதால் எங்கள் பேட்ச் பெண்கள் பதினைந்து பேர் மட்டும் இங்கே, பையன்கள் பக்கத்து வார்டில். பதினோராம் கட்டிலில் இருப்பவள் பெயர் இசக்கிசெல்வி, வயது இருபத்து மூன்று, என் வயதுதான், ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள், இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததில்லை, கால்மாட்டில் கிடக்கும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கம் சொன்னது. எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தோம். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்று நீல மையில் எழுதியிருந்தது, இதயத்தின் இடது பக்கக் கதவு சுருங்கிப்போனது, அந்த இடுக்கு வழியாக ரத்தம் நெருக்கியடித்துப் போகும்போது டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவில் தூரத்து இடி மாதிரி ஓர் உருட்டல் சத்தம் வரும், மர்மர் என்பார்கள், புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு வர்ணனை இருக்கிறது, அந்த அரைப் பக்கத்தை இப்போது எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஒப்பிக்கத் தெரியும், கேட்கத்தான் தெரியாது. முதலில் நின்ற ஹெப்சிபா குனிந்துவிட்டாள். எங்கள் பேட்ச்சின் தங்க மெடல் அவள், இன்னும் கொடுக்கவில்லை என்றாலும் நாங்கள் கொடுத்துவிட்டோம். ஐந்து விநாடிகூட ஆகவில்லை, நிமிர்ந்து எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"நல்லாவே கேக்குதுடி."

முதல் பொய் எனக்கு நாள், கிழமையோடு ஞாபகம் இருக்கிறது, இரண்டாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெரியவர், கட்டுமஸ்தான மார்பு, ஆறு பேர் கேட்டாயிற்று, ஏழாவதாக நான் வைக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் காதை வைத்தது போல ஒரே இரைச்சல், என் விரல் உரசுவதா, அவர் மூச்சா, சுற்றி நிற்கிறவர்கள் செருப்பா, ஒன்றும் புரியவில்லை, சார் கேட்டார், கேட்டுதாம்மா, நான் சொன்னேன், யெஸ் சார். அவ்வளவுதான். பல்லி விழுந்த மாதிரி வாயிலிருந்து விழுந்துவிட்டது. கேட்கவில்லை சார் என்று சொல்லியிருந்தால் இன்னொரு முறை வை என்றிருப்பார், அரை நிமிஷ வேலை, ஆனால் ஆறு பேர் யெஸ் சார் என்ற பிறகு ஏழாவது ஆள் நோ சார் என்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும், அது நீட் கோச்சிங்கில் சொல்லித் தரப்படவில்லை. அப்புறம் அது பழகிவிட்டது. வார்டுக்குள் நுழைந்ததும் கேஸ் ஷீட்டைப் பார்ப்பது, வியாதியைத் தெரிந்துகொள்வது, தெரிந்ததைக் கேட்ட மாதிரி குனிவது. சில நாள் கேட்கவும் செய்யும். உண்மையாகவே கேட்பது போல இருக்கும், ஷீட்டில் இருக்கிற சத்தம் காதுக்குள் தானாக எழும்பும், ஆகா வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவேன், அன்று மாலையே சந்தேகம் வந்துவிடும், நான் கேட்டது அவர் நெஞ்சையா, என் புத்தகத்தையா. இந்த இடத்தில்தான் மனசு எப்போதும் மாட்டிக்கொள்ளும், முள்ளில் துணி மாட்டுவது போல, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது.

இரண்டாவது ஆள் தலையாட்டியாயிற்று. மூன்றாவது போகிறாள். அப்பாவை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது, அவர்மேல் இல்லை, என்மேல். கோவில்பட்டியில் மைக் செட் வைத்திருக்கிறார், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் அவர் பெட்டிதான், சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், இரண்டு தெரு தள்ளிப் பாட்டு ஓடும், கை நின்றுவிடும், இடது பெட்டியில கோன் கிழிஞ்சிருக்கு என்பார், போய்ப் பார்த்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு கிழிந்திருக்கும். அவர் மகள் நான். அந்த மனுஷனுக்குப் பிறந்துவிட்டு ஒரு முழம் தூரத்தில் இருக்கும் நெஞ்சு எனக்குக் கேட்கவில்லை. மூன்றாம் வருஷத்தில் யாருக்கும் சொல்லாமல் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் ஆடியோகிராம் எடுத்துக்கொண்டேன், அங்கே இருந்த அக்கா பேப்பரைக் கையில் கொடுத்து, அருமையான காதும்மா என்றாள். அன்றைக்கு நூலகத்துப் பாத்ரூமில் போய் அழுதேன். காது செவிடு என்றால்கூடப் பரவாயில்லை, அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது, காது நன்றாக இருந்தும் கேட்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ, நான் இந்தப் படிப்புக்கு ஆனவளே இல்லை, யாரோ ஒருத்தி வர வேண்டிய இடத்தில் ஏதோ தவறுதலாக நான் வந்து நிற்கிறேன், ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள். போன வருஷம் எங்கள் விடுதியில் ஒருத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள், வைரல் காய்ச்சல் என்றாள், நாங்களும் ரெஸ்ட் எடுடி என்றோம், அவள் திரும்பி வரவேயில்லை, அவள் கட்டிலில் இப்போது எல்லாரும் துணி காயப்போடுகிறோம். அவளுக்கும் ஏதாவது கேட்காமல் இருந்திருக்குமோ. கேட்கவில்லையே நாங்கள் அவளிடம். நேற்று ராத்திரி முடிவு பண்ணிவிட்டேன், இதுதான் கடைசி, இன்றைக்கும் கேட்கவில்லை என்றால் மத்தியானம் அப்பாவுக்குப் போன் போட்டு, என்னால முடியலப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிடுவேன், அதற்கு மேல் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. வாக்கியம் மட்டும் தயாராக இருக்கிறது.

நாலாவது. ஐந்தாவது. வார்டு வாசலில் ஒரு மேஜை போட்டு அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார் நிலோஃபர் மேடம், மெடிசின் இணைப் பேராசிரியர், எங்களை வைத்து ஓர் ஆய்வு செய்கிறார். மருத்துவ மாணவர் நலம் என்று அதற்குப் பெயர். நலம் விசாரிக்கும் படிவத்தை நிரப்பாதவர்களுக்கு அட்டென்டன்ஸ் கிடையாது என்று ஆபீசிலிருந்து நோட்டீஸ் போட்டார்கள், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், மேடமே வந்து அந்த நோட்டீஸைக் கிழித்துப் போட்டார். வகுப்பில் ஒரு நாள் சொன்னார், உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு அளக்க ஆயிரம் பரீட்சை இருக்கு, தெரியலைங்கற வார்த்தை உங்க வாயில வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு யாரும் அளக்கல, அதைத்தான் நான் அளக்கப்போறேன். எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. இன்றைக்கு விதி இதுதான், ஒவ்வொருத்தியாகப் போய் இந்த நெஞ்சைக் கேட்க வேண்டும், பேசக்கூடாது, வந்து ஒரு துண்டுச் சீட்டில் என்ன கேட்டது, எவ்வளவு உறுதி, அப்போது உங்கள் நெஞ்சு படபடத்ததா என்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும், பெயர் வேண்டாம். பேசக்கூடாது என்றால் நாங்கள் பேசாமல் இருந்துவிடுவோமா, பழக்கம் விடுமா, நிமிர்ந்ததும் தலை ஆடுகிறது, சூப்பர் ரம்பிள், என்னமா உருட்டுது என்று அடுத்தவள் காதில் ஒருத்தி சொல்கிறாள், செம கேஸ் என்கிறாள் இன்னொருத்தி. மேடம் இருக்கும் தூரத்துக்கு அது எட்டவில்லை. கட்டிலுக்கு எட்டுகிறது. இசக்கிசெல்வி கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்க வருகிறவளுக்கு மட்டும் விலக்கிக் கொடுத்து, மேலே மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கை முட்டி வெளுத்திருக்கிறது. குளிராக இருக்கும் என்று நினைத்தேன், பதினைந்து ஸ்டெதஸ்கோப்பும் ஐஸ் மாதிரி இருக்கும், பாவம், உள்ளங்கையில் சூடு பண்ணிவிட்டு வைக்க வேண்டும் என்று என்னுடையதைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஆறு. ஏழு. தேய்த்துக்கொண்டே ஒன்று தோன்றியது, தோன்றியதும் மற்றதெல்லாம் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. எவ்வளவு பெரிய அனுமதி இது. அம்மாவுக்குப் பிறகு, கட்டிக்கப்போகிறவனுக்கு முன்னால், ஊர் பேர் தெரியாத பதினைந்து பெண்களுக்கு ஒருத்தி தன் நெஞ்சைத் திறந்து கொடுக்கிறாள், கேட்டுக்கோ என்கிறாள். உள்ளே ஒரு கைப்பிடி அளவுக் கறி, அவள் பிறப்பதற்கு முன்னாலேயே, முகமோ விரலோ சரியாக முளைப்பதற்கு முன்னாலேயே ஆடத் தொடங்கியது, யாரும் ஸ்விட்ச் போடவில்லை, அன்றிலிருந்து பள்ளிக்கூடம், பூப்பு, ஜவுளிக்கடை மாடிப்படி, தீபாவளிக் கூட்டம், தூக்கம் எதற்கும் நிற்காமல் ஆடிக்கொண்டேயிருக்கிறது, அந்தக் கதவு ஒரு நாளைக்கு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஐந்து மார்க்! வெட்கமாக இருந்தது. மூன்று வருஷத்தில் எத்தனை நெஞ்சு என் முன்னால் திறந்திருக்கிறது, ஒன்றிலாவது நான் இருந்தேனா, அவர்கள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு என் மார்க்கைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நிற்பவள் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது ஆள் தலையாட்டிவிட்டு விலகினாள். அடுத்தது நான்.

குனிந்தேன். "வைக்கட்டுமா?" என்றேன், இமையை மட்டும் மூடித் திறந்தாள். இடது மார்புக்குக் கீழே விரலை வைத்தேன், உள்ளிருந்து ஒன்று வந்து விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனது, மறுபடி வந்தது, யார் என்று கேட்பது போல. வைத்தேன். கண்ணை மூடவில்லை. பத்து எண்ணவில்லை. முதலில் வழக்கமான இரைச்சல், அது என் மூச்சு, என் மூச்சை நிறுத்தினேன். அப்புறம் வந்தது. லப். டப். லப். டப். இவ்வளவு பக்கத்திலா, இவ்வளவு சுத்தமாகவா, காலியான வீட்டில் யாரோ நிதானமாக நடப்பது மாதிரி, ஒவ்வோர் அடியும் தனியாக. உருட்டலைத் தேடினேன். இடி, தூரத்து இடி. டப்புக்கு அப்புறம், அடுத்த லப்புக்கு முன்னால், அங்கேதான் இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை. அங்கே இருந்தது அமைதி, அதுவரை எந்த நெஞ்சிலும் நான் நின்று பார்க்காத ஓர் இடம், அது அவ்வளவு அழகாக இருந்தது, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே பயமும் வந்தது, பார்த்தாயா, எட்டுப் பேருக்குக் கேட்டது உனக்குக் கேட்கவில்லை, ஹெப்சிபாவுக்கு ஐந்து விநாடியில் கேட்டது, ஆச்சு, போன் பண்ண வேண்டியதுதான், தலையாட்டு, ஆட்டிவிட்டுப் போ, சீட்டில் நான்கு வார்த்தை எழுது. கழுத்து ஆடத் தயாராகிவிட்டது, எலும்பு வரைக்கும் பழகிய அசைவு அது. என்னை எது பிடித்து நிறுத்தியது என்று எனக்குத் தெரியவில்லை, தைரியம் என்று சொன்னால் அதுவும் பொய். எப்படியும் போகப்போகிறோம், போகிற நாளிலாவது இந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று தோன்றியது, அவ்வளவுதான். நிமிர்ந்தேன்.

"எனக்குக் கேக்கல," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், வார்டு முழுக்கக் கேட்டது போலிருந்தது. 

இசக்கிசெல்வியின் கை கம்பியை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. "என்னது கேக்கல?"

"அந்தச் சத்தம். மர்மர்னு..."

"நெசமாவா சொல்லுதீங்க?" எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஒண்ணும் பேசக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க, அதாம் வாயத் தொறக்காமக் கெடந்தேன். எனக்குப் போன மாசம் தொடை வழியா பலூன் வுட்டு வால்வ விரிச்சாங்க. சத்தம் போயிட்டு, பொழச்சுக்கிட்டன்னு அனுப்பிவிட்டாங்க. திரும்ப வந்தா நெஞ்சத் தொறந்துதான் வைத்தியம்னும் சொல்லியிருக்காங்க. இப்ப செக்கப்புக்குன்னுதான் வந்து படுத்திருக்கேன். இன்னிக்கு என்னன்னா, வந்த புள்ள எல்லாம் கேக்குது, நல்லாக் கேக்குதுங்கீங்க. எட்டுப் பேரு! நானும் எண்ணிக்கிட்டேதான் கெடக்கேன். ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்ல எனக்கு உசுரே போச்சு."

 முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறோம். பதினைந்து பேரில் ஒருத்திகூட இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை, போன மாச சத்தத்தை இந்த மாச நெஞ்சில் கேட்டிருக்கிறோம், கேட்டு முடித்துத் தலையும் ஆட்டியிருக்கிறோம், அந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இவள் நெஞ்சுக்கூட்டை ரம்பம் போட்டுத் திறந்திருக்கிறாள், மனசுக்குள்ளேயே, எட்டுத் தடவை. என் பொய்யெல்லாம் என்னை மட்டும் தின்கிறது என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள். "இருக்கா, இல்லியா?"

டாக்டர் என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. கேட்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு, இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே நிற்பது, மூன்று வருஷமாக எந்த நெஞ்சிலும் எதையும் கேட்காத காது இது, எனக்குக் கேட்கவில்லை என்றால் அது அவள் இதயத்துக்கு நல்ல சேதியா, என் காதுக்குக் கெட்ட சேதியா. கேஸ் ஷீட் கை எட்டும் தூரத்தில் கிடந்தது. திருப்பினால் கடைசிப் பக்கத்தில் யாராவது எழுதியிருப்பார்கள், அதைப் படித்துச் சொல்லிவிடலாம், அதுதானே நமக்குக் கைவந்த கலை. நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க," என்றேன். "மூச்ச நல்லா விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

திரும்பிப் படுத்தாள். ஸ்டெதஸ்கோப்பின் சின்னக் கிண்ணத்தைத் திருப்பி, அழுத்தாமல், தோலைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன், அந்த அரைப் பக்கம் சொன்னபடி. அவள் மூச்சை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். வார்டே நிறுத்தியது போல இருந்தது. டப்பிலிருந்து லப்புக்குப் போகும் அந்த இடத்துக்குள் நுழைந்து நின்றேன், அங்குலம் அங்குலமாகத் தேடினேன், உருட்டல் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் இல்லை, வேண்டினால் காது கோணிவிடும், இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் இவள் முகத்தைப் பார்த்து. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நெருக்கியடிக்காமல், முட்டாமல், திறந்த கதவு வழியாக ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எத்தனை துடிப்பு கேட்டேன் என்று தெரியாது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"மூச்சு விடுங்க," என்றேன். "நான் இன்னும் படிக்கிறவதான். மேடம்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா நான் கேட்ட வரைக்கும் சத்தம் இல்ல. சுத்தமா இருக்கு."

அவள் மூச்சை விட்டாள். விட்ட மூச்சு அழுகையாக வந்தது. வாசலிலிருந்து மேடம் எழுந்து வந்தார், என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே சொன்னாள், எட்டு விரலைக் காட்டிச் சொன்னாள். மேடத்தின் முகம் மாறியது. பத்துப் பக்கத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதியவர், எங்கள் படபடப்பை அளக்க வந்தவர், படுத்திருக்கிறவளுக்கும் ஒரு காது இருக்கிறது என்பதை விட்டுவிட்டார்.

"என்னை மன்னிச்சிரும்மா. நான் இதை யோசிக்கவே இல்ல," என்றார் மேடம். எல்லார் முன்னாலும் சொன்னார். ஒரு பேராசிரியர் நோயாளியிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, ஒருக்களித்தபடியே கிடந்த அவள் நெஞ்சைக் கேட்டார், வெகுநேரம் கேட்டார். "இல்லம்மா. எதுவும் இல்ல. வால்வு நல்லாத் தெறந்திருக்கு. இவ சொன்னது சரி." என் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்தார். பெட்டியிலிருந்த சீட்டுகளை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். "போதும், எல்லாரும் கிளம்புங்க. செல்வி தூங்கட்டும்."

"எதுக்குப் போகச் சொல்லுதீங்க?" இசக்கிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் சேலைக் கடையில் நிற்கிறவளின் அதட்டல் வந்திருந்தது. "அந்த எட்டுப் பேரும் திரும்ப வரட்டும் மேடம். ஒவ்வொருத்தரா வந்து கேக்கட்டும். என்ன கேக்குதுன்னு எங்கிட்டயே சொல்லட்டும். எட்டுப் பேரு இருக்குன்னாங்கல்லா, எட்டுப் பேரு வாயாலயும் இல்லன்னு நான் கேக்கணும்."

முதலில் ஹெப்சிபா வந்தாள், முகம் வெந்நீர் பட்டது போலச் சிவந்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். குனிந்து, ஒரு முழு நிமிஷம் நிமிரவேயில்லை. நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது, மேடத்தைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, படுத்திருந்தவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இல்லக்கா. முன்னாடியும் எனக்குக் கேக்கல."